ரயில் போய் முடிந்த வழியில் இரண்டு பேர் நடக்க

மலைப்பாதையில் ஒருவர் முதுகை ஒருவர் பார்த்துக்கொண்டுதான் நடக்க வேண்டும். ரயில் போன வழி அப்படியில்லை. தண்டவாளத்தைக் கழற்றி எடுத்துப் பல வருடமான ஒற்றைத் தடத்தில்கூட இரண்டு பேர் தோளோடு தோளாகப் போகலாம். ஏற்றம் தெரியாது, மூச்சு வாங்காது, பேச்சு அறுபடாது. நானும் என் சிநேகிதியும் வருடத்துக்கு ஒரு முழு நாளை இதற்கென்று ஒதுக்கிவைக்கிறோம். சேர்த்துவைத்த பேச்செல்லாம் அன்றைக்குத்தான் தீரும்.

அவளுடைய அப்பா ரயில்வேயில் கீமேனாக இருந்தவர். சுத்தியலும் ஸ்பானருமாகத் தன் பகுதித் தண்டவாளத்தை தினமும் நடந்தே பார்த்து வந்தவர். நாங்கள் கடைப்பிடிப்பதில் பாதி அவர் சொன்னது. மீதி நாங்களே பட்டுத் தெரிந்துகொண்டது.

முதல் வேலை, பாதையைக் கண்டுபிடிப்பது. பழைய நில அளவை வரைபடத்தில் ரயில் பாதை குறுக்குக் கோடுகள் போட்ட கோடாக இருக்கும். அமெரிக்க நிலவியல் ஆய்வுத் துறை தன் பழைய வரைபடங்களை இலவசமாகவே தருகிறது. ஸ்காட்லாந்து தேசிய நூலகத்தின் தளத்தில் பிரிட்டனின் பழைய வரைபடத்தை இன்றைய படத்தின் மேல் வைத்தே பார்க்கலாம். ஓப்பன்ரயில்வேமேப் தளத்தில் கைவிட்ட பாதைகளையும் குறித்திருக்கிறார்கள். வரைபடமே கிடைக்காவிட்டால் செயற்கைக்கோள் படத்தை நிதானமாகப் பாருங்கள். ரோடு சட்டென்று திரும்பும். ரயில் பாதை மெல்ல வளையும். வயல்களுக்கு நடுவே காரணமே இல்லாமல் ஒரு மர வரிசை நீண்ட வில்லாக வளைந்து போனால், அது பெரும்பாலும் பழைய ரயில் கரைதான்.

அடுத்தது அனுமதி. ரயில் நின்றுவிட்டது என்பதால் நிலம் பொதுச் சொத்தாகிவிடாது. பிரிட்டனில் நஷ்டத்தில் ஓடிய பாதைகளை மூடச் சொல்லி 1963-இல் வந்த பீச்சிங் அறிக்கைக்குப் பிறகு மூடிய பல பாதைகளின் நிலம் துண்டுதுண்டாக விலைபோனது. அமெரிக்காவில் ரயில் கம்பெனிக்குப் பல இடங்களில் போக்குவரத்து உரிமை மட்டுமே இருந்ததால், ரயில் நின்றதும் நிலம் பக்கத்து உரிமையாளர்களுக்கே திரும்பிப் போனது. அதைத் தடுக்கத்தான் 1983-இல் சட்டத்தைத் திருத்தி, எதிர்கால ரயிலுக்காகப் பாதையை வைத்துக்கொண்டு அதுவரை மக்கள் நடக்கலாம் என்று வழி செய்தார்கள். எந்த நாடானாலும் யாருடைய நிலம் என்று முன்பே விசாரியுங்கள். வேலி குறுக்கிட்டால் வீட்டைத் தேடிப் போய்க் கேளுங்கள். கேட்ட இடத்தில் எங்களுக்குப் பெரும்பாலும் கதவு திறந்திருக்கிறது. எங்கே சேறு, எங்கே பாலம் இல்லை என்ற தகவலும் சேர்ந்தே கிடைத்திருக்கிறது. தண்டவாளம் இன்னும் கிடந்தால், துருப்பிடித்திருந்தாலும் ரயில் வரும் என்றே வைத்துக்கொள்ளுங்கள். "துரு ஒரு சாட்சியே இல்லை" என்பார் அவளுடைய அப்பா. எப்போதாவது ஒரு சரக்கு வண்டி போகும் தடமும் துருவோடுதான் இருக்கும்.

ரயில் வழி ஊரைச் சுற்றி வந்து புறப்பட்ட இடத்திலேயே விடாது. காலையிலேயே பஸ்ஸிலோ வண்டியிலோ கடைசி முனைக்குப் போய்விட்டு, வீட்டை நோக்கி நடந்து வாருங்கள். தாமதமானாலும் கடைசி பஸ்ஸைப் பிடிக்க ஓட வேண்டியதில்லை. எங்கள் கணக்கு இருபதிலிருந்து இருபத்தைந்து கிலோமீட்டர். நல்ல மண் தடத்தில் மணிக்கு ஐந்து கிலோமீட்டர் போகலாம். ஜல்லி கிடந்தால் மூன்று. முள்ளும் புதரும் மூடியிருந்தால் இரண்டு கிலோமீட்டரே பெரிது. பாதி நாள் முடிவதற்குள் பாதி தூரம் தாண்டாவிட்டால் வழியில் எந்த ரோட்டில் ஏறி வெளியேறுவது என்று முன்கூட்டியே குறித்துவைப்போம்.

இனி கால். இரும்புச் சக்கரத்துக்கு இரும்புத் தண்டவாளத்தில் பிடிமானம் குறைவு. அதனால் சாதாரணப் பாதை பெரும்பாலும் நூறு மீட்டருக்கு ஒன்று, இரண்டு மீட்டருக்கு மேல் ஏறாது. நடப்பவருக்கு அது வரம்தான், ஆனால் நாள் முழுக்கக் காலின் அதே தசை, அதே மூட்டு, அதே குதிகால்தான் உழைக்கிறது. இருபது கிலோமீட்டர் மலை ஏறிவிட்டு வந்தவள், இருபது கிலோமீட்டர் சமதளத்தில் முழங்காலுக்குக் கீழே எரிச்சலோடு உட்கார்ந்திருக்கிறேன். மணிக்கு ஒரு முறை ஷூவைக் கழற்றி ஐந்து நிமிடம் உட்காருங்கள். மத்தியானம் சாக்ஸை மாற்றுங்கள். அடிப்பாகம் கெட்டியான ஷூ வேண்டும், ஏனென்றால் ஜல்லி ஒவ்வொன்றும் கோழிமுட்டை அளவில், கூர் முனைகளோடு இருக்கும். ஒன்றையொன்று கவ்விக்கொள்ள வேண்டும் என்றுதான் அப்படி உடைத்துப் போடுகிறார்கள்.

தண்டவாளத்துக்கு அடியில் குறுக்கே கிடக்கும் சிலிப்பர் கட்டைமேல் நடக்காதீர்கள். கட்டைக்குக் கட்டை இடைவெளி பல பாதைகளில் அறுபது சென்டிமீட்டர் சுற்றி. ஒரு எட்டுக்குக் குறைவு, இரண்டாகத் தாண்டினால் அதிகம். ஜல்லிக்கு வெளியே உள்ள மண் ஓரத்தில் நடப்பதுதான் நல்லது. கட்டையை எடுத்துவிட்ட தடத்திலும் சில இடங்களில் அதன் அச்சு மண்ணில் சின்னச் சின்ன அலைகளாக மிச்சமிருக்கும். சாய்வெயிலில் பார்த்தால் தெரியும். பழைய கட்டைகளில், மரம் இற்றுப்போகாமல் இருக்க ஊட்டிய கிரியோசோட் என்ற நச்சு எண்ணெய் ஊறியிருக்கும், அதை எரித்துக் குளிர் காயக் கூடாது. தண்டவாள ஓரத்தில் காலங்காலமாகக் களைக்கொல்லி தெளித்திருப்பார்கள், அதனால் அங்கே காய்த்துத் தொங்கும் பழத்தையும் தொடாதீர்கள்.

மெதுவாகப் படிக்க வேண்டிய பகுதி பாலம். ஒரு வருடம் பதினான்காவது கிலோமீட்டரில் ஒரு சின்ன ஆறு. வரைபடத்தில் பாலம் இருந்தது. நேரில் பார்த்தால் இரு கரையிலும் கருங்கல் சுவர் மட்டும் நிற்கிறது. நடுவில் இருந்த இரும்பைக் கழற்றி எடுத்துப் போயிருக்கிறார்கள். தண்டவாளத்துக்கு அடுத்தபடி ரயில் பாதையில் விலைபோவது பாலத்து இரும்புதானே. ரோட்டுப் பாலத்துக்குச் சுற்றிப் போய் எதிர்க்கரைக்கு வர ஒன்றே முக்கால் மணி நேரம். அன்றைக்கு இருட்டிய பிறகுதான் நடந்து முடித்தோம். அதிலிருந்து, புறப்படுவதற்கு முன்பே தண்ணீர் குறுக்கிடும் ஒவ்வொரு இடத்தையும் செயற்கைக்கோள் படத்தில் பெரிதாக்கிப் பார்க்கிறேன். பாலம் இருந்தால் பெரும்பாலும் தண்ணீர்மேல் அதன் நிழல் விழுந்திருக்கும். சந்தேகமான இடத்துக்குப் பக்கத்து ரோட்டுப் பாலத்தையும் குறித்துக்கொள்வேன்.

இரும்பு நிற்கிறது, கட்டை மட்டும் இற்றுப்போயிருக்கிறது என்றால் இன்னும் ஆபத்து. மேலே உறுதியாகத் தெரியும் கட்டை உள்ளே பஞ்சாக இருக்கும். அப்படி ஒரு பாலத்தில் அவள் "எட்டுத் தப்படிதான், தாண்டிடலாம் வா" என்றாள். எனக்கு மனசு வரவில்லை. அன்றைக்கு நாங்கள் செய்துகொண்ட ஒப்பந்தம் இது: ஒருத்தி வேண்டாம் என்றால் இருவருக்கும் வேண்டாம், ஏன் என்று கேட்கக் கூடாது. இந்த நடைக்கு இரண்டு பேர் போவதில் எனக்கு மிகப் பெரிய பயன் அதுதான்.

கரைமேல் போகும்போது நடுவில் மட்டும் குழிந்த இடத்தைக் கண்டால் ஓரமாக ஒதுங்கிப் போங்கள். அடியில் உள்ள வாய்க்கால் பாலம் இடிந்து மண் உள்வாங்கிக்கொண்டிருக்கலாம். கரையின் ஒரு பக்கம் மட்டும் தண்ணீர் தேங்கியிருப்பதும் அதே அறிகுறி. மேட்டை வெட்டிப் போட்ட பகுதியில் ஓர வடிகால் தூர்ந்து, தடமே சேற்றுக் குட்டையாகியிருக்கும். அங்கே மேல் விளிம்பில் ஏறி நடப்பது நல்லது. வெயிலில் காய்ந்த கல்சுவரில் பாம்பு கிடக்கலாம், உட்காரும் முன் கம்பால் தட்டிப் பாருங்கள்.

மலையைக் குடைந்து ரயில் விட்ட குகை விஷயத்தில் நான் கண்டிப்பு. நடப்பதற்கென்று திறந்து பராமரிக்கும் குகையைத் தவிர வேறெதிலும் நுழையாதீர்கள். கூரைக் கல் விழும், காற்று கெட்டிருக்கும். குளிர்காலத்தில் உறங்கும் வௌவாலை எழுப்பிவிட்டால் சேர்த்துவைத்த கொழுப்பு தீர்ந்து அது பிழைக்காமல் போகலாம். 2006-இல் நியூயார்க் மாநிலத்தில் முதலில் தென்பட்ட வெள்ளை மூக்கு என்ற பூஞ்சை நோய் வட அமெரிக்காவில் லட்சக்கணக்கான வௌவால்களைக் கொன்றிருக்கிறது. அந்தப் பூஞ்சை நம் ஷூவிலும் ஒட்டிக்கொண்டு அடுத்த குகைக்குப் போகும்.

சாப்பிட இடம் தேடி அலைய வேண்டாம். தடம் திடீரென்று இரு மடங்கு அகலமானால் அங்கே வண்டிகள் ஒன்றுக்கொன்று வழிவிட்டிருக்கும், அல்லது ஸ்டேஷன் இருந்திருக்கும். பிளாட்பாரத்தின் கல் விளிம்பு புல்லுக்குள் தட்டுப்படும், சுற்றிலும் யாரோ நட்டு வளர்த்த நிழல் மரம் நிற்கும். தண்ணீரை மட்டும் வீட்டிலிருந்தே சுமந்து வாருங்கள், வெயில் நாளில் ஆளுக்கு மூன்று லிட்டர். வரைபடமும் டார்ச்சும் ஆளுக்கு ஒன்று. ஒருத்தி பையிலேயே எல்லாம் இருந்தால் அந்தப் பை ஆற்றில் விழுகிற அன்று இருவருமே தவிப்போம்.

முதல் தடவை என்றால், நடைபாதையாக மாற்றிய பழைய ரயில் வழியில் தொடங்குங்கள். அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்தில் எல்ராய், ஸ்பார்ட்டா என்ற இரண்டு ஊர்களுக்கு நடுவே 51 கிலோமீட்டர் வழியை 1967-இல் மக்களுக்குத் திறந்தார்கள். அதிலுள்ள மூன்று குகைகளில் நீளமானது ஒரு கிலோமீட்டருக்கு மேல், உள்ளே ஒரே இருட்டு. ஸ்பெயினில் 1993-இல் தொடங்கிய பசுமை வழிகளும் இப்படி ரயில் போன தடங்கள்தான்.

கடைசி நான்கு கிலோமீட்டரில் பேச்சு தானாகக் குறைந்துவிடும். அப்போது கால் வலிப்பவர் முன்னால் நடக்கட்டும், மற்றவர் அந்த வேகத்துக்கு வரட்டும். ஊருக்குள் வந்ததும், காலையில் யாரிடம் வழியைச் சொல்லிவிட்டுப் புறப்பட்டீர்களோ அவருக்கு முதலில் போன் பண்ணிவிடுங்கள்.