ஆன்டிவைரஸ் ஸ்கேன் எப்போது முடியும்? கணக்குத் தப்பும் இடங்கள்

“ஃபுல் ஸ்கேன் போட்டிருக்கேன், அரை மணி நேரத்துல முடிஞ்சிடும்ல?” என்று கேட்பவர்கள் பெரும்பாலும் டிஸ்க்கின் அளவை மனத்தில் வைத்துத்தான் கேட்கிறார்கள். கணக்கு முதலில் தப்புவது அங்கேதான். எத்தனை ஜிபி என்பதைவிட எத்தனை ஃபைல், என்ன மாதிரி ஃபைல் என்பதுதான் முக்கியம்.

4 ஜிபி வீடியோ ஒன்று இருக்கிறது. பழைய ஹார்டு டிஸ்க் நொடிக்கு 100 எம்பி படித்தால் 40 நொடியில் முழுதாகப் படித்துவிடும். அதே 4 ஜிபி, தலா 20 கேபி உள்ள 2 லட்சம் சின்ன ஃபைல்களாகச் சிதறிக் கிடந்தால்? டிஸ்க்கைப் படிக்கும் முனையான ஹெட் ஒவ்வொரு ஃபைலையும் தேடிப் போகச் சுமார் 10 மில்லிசெகண்ட் பிடிக்கும். தேடுவதற்கே 2,000 நொடி, அரை மணி நேரத்துக்கும் மேல்! ஹார்டு டிஸ்க்குக்குப் பதிலாக வரும் சிப் வகைச் சேமிப்பான எஸ்எஸ்டியில் நகரும் பாகமே கிடையாது. இந்தத் தேடல் நேரம் அங்கே மிகக் குறைவு. எனவே நண்பரின் லேப்டாப்பில் எவ்வளவு நேரம் ஆனது என்பதை வைத்து உங்கள் நேரத்தைச் சொல்ல முடியாது.

குவிக் ஸ்கேன் சில நிமிடங்களில் முடிந்ததை வைத்து ஃபுல் ஸ்கேனைக் கணக்கிடுவதும் தவறு. வைரஸ் வழக்கமாக ஒட்டிக்கொள்ளும் மெமரி, ஸ்டார்ட்அப் போன்ற இடங்களை மட்டும்தான் குவிக் ஸ்கேன் பார்க்கிறது; ஃபுல் ஸ்கேன் எல்லா ஃபைலையும் பார்க்கிறது.

சதவீதப் பட்டையைக் கடிகாரமாக நினைத்து ஏமாறுபவர்கள்தான் அதிகம். சுருக்கிக் கட்டிய ஜிப், முழு டிஸ்க்கின் நகலான ஐஎஸ்ஓ, அவுட்லுக்கின் மெயில்களைச் சேர்த்து வைக்கும் பிஎஸ்டி எல்லாம் வெளியிலிருந்து பார்த்தால் ஒரே ஃபைல்; உள்ளே ஆயிரக்கணக்கில் இருக்கலாம். பிரித்துப் பிரித்துப் பார்க்கும்போது பட்டை நகராது. 42 கேபி மட்டுமே உள்ள ‘42.ஜிப்’ என்ற பிரபலமான ஃபைலை முழுதாகப் பிரித்தால் 4.5 பெட்டாபைட், அதாவது சுமார் 45 லட்சம் ஜிபி வரும். இப்படிப்பட்டவற்றில் மாட்டிக்கொள்ளாமலிருக்கத்தான் எவ்வளவு ஆழம்வரை பிரிப்பது என்று ஸ்கேனர்கள் வரம்பு வைத்திருக்கின்றன.

90க்கு மேல் போய் நின்றதும் ‘ஹேங் ஆயிடுச்சு’ என்று கேன்சல் செய்துவிடுகிறார்களே, அதுதான் எனக்குப் பெரிய வருத்தம். பல மணி நேரம் காத்திருந்தும் மிச்ச ஃபைல்கள் பார்க்கப்படாமலே போகின்றன. கைவைக்கும் முன், ஸ்கேன் ஆன ஃபைல் எண்ணிக்கை கூடுகிறதா என்று பாருங்கள். விண்டோஸோடு வரும் ஆன்டிவைரஸான விண்டோஸ் டிஃபெண்டராக இருந்தால் டாஸ்க் மேனேஜரில் ‘ஆன்டிமால்வேர் சர்வீஸ் எக்சிகியூட்டபிள்’ என்ற வரியைக் கவனியுங்கள். சிபியுவோ டிஸ்க்கோ அங்கே ஓடிக்கொண்டிருந்தால் வேலை நடக்கிறது என்று அர்த்தம்.

இரவில் போட்டுவிட்டுத் தூங்கப் போகிறவர்கள் ஸ்லீப் மோடை மறந்துவிடுகிறார்கள். லேப்டாப் தூங்கினால் ஸ்கேனும் நின்றுவிடும். சார்ஜரைச் செருகி, ஸ்லீப்பை அணைத்துவிட்டுப் போங்கள். நேரம் குறித்துவைத்து ஓடவிடும் ஸ்கேனில் டிஃபெண்டர் சிபியுவை வழக்கமாகச் சராசரி 50 சதவீத அளவிலேயே வைத்துக்கொள்ளப் பார்க்கும். ஆகவே அது நிதானமாகத்தான் போகும்.

சரி, எப்படித்தான் கணிப்பது? உங்கள் கணினியின் பழைய கணக்கே போதும். டிஃபெண்டரைக் காட்டும் ‘விண்டோஸ் செக்யூரிட்டி’ ஆப்பில் கடைசி ஸ்கேன் எவ்வளவு நேரம் ஓடியது, எத்தனை ஃபைல் பார்த்தது என்ற இரண்டும் இருக்கும். ஃபுல் ஸ்கேன் முடிந்ததும் இரண்டையும் குறித்துவையுங்கள். அடுத்த முறை ஓடும்போது இப்போதைய எண்ணிக்கையை அந்தப் பழைய எண்ணிக்கையோடு ஒப்பிட்டால், இன்னும் எவ்வளவு மிச்சம் என்பது பட்டையைப் பார்ப்பதைவிடத் தெளிவாகத் தெரியும்.