புது யாட்டா, பழைய யாட்டா? முதல்முறை வாங்குபவருக்கு ஒரு செய்முறை விளக்கம்

ஆம்பூரில் தோல் தொழில் செய்யும் மாமா ஒருவர் போன தை மாதம் காட்பாடியில் எங்கள் வீட்டுக்கு வந்தார். கையில் யாட், அதாவது உல்லாசக் கடல் படகுகளின், வழவழப்பான ஒரு விலைப் புத்தகம். இத்தாலியில் ஷூ கண்காட்சிக்குப் போனபோது வாங்கி வந்ததாம். “ஏம்பா, நீ இத்தனை வருஷம் கப்பல்ல எஞ்சின் பார்த்தவன். புதுசு எடுக்கலாமா, பழசு எடுக்கலாமா?” என்றார். அன்று அவருக்குச் சொன்னதைத்தான் இங்கே வரிசையாக எழுதுகிறேன். பாலாற்றில் தண்ணீரே அபூர்வமான ஊரிலிருந்து கடல் படகு வாங்க நினைப்பவருக்கு, கரையோரத்துக்காரர் தானாகத் தெரிந்துகொள்ளும் பல விஷயங்களை யாராவது சொல்லித்தான் ஆகவேண்டும்.

முதல் படி: எங்கே நிற்கும், எத்தனை நாள் ஏறுவீர்கள்?

விலையைப் பற்றிப் பேசுவதற்கு முன் இதற்கு விடை வேண்டும். கார் என்றால் வாசலில் நிறுத்திவிடலாம். யாட்டுக்கு ஆழமான, அலை அடிக்காத, கரண்டும் நல்ல தண்ணீரும் கிடைக்கிற இடம் வேண்டும். சென்னைத் துறைமுக வளாகத்துக்குள் 1911-இல் தொடங்கிய ராயல் மெட்ராஸ் யாட் கிளப் இருக்கிறது. ஆனால் அது பாய்மரப் படகோட்டிகளின் உலகம், பெரிய மோட்டார் யாட்டைக் கொண்டுபோய்க் கட்டிவைக்கிற இடம் அல்ல. கொச்சியில் போல்காட்டித் தீவில் மரினா, அதாவது யாட் நிறுத்தும் துறை, இருக்கிறது. காட்பாடியில் இரவு ஆலப்புழை எக்ஸ்பிரஸ் ஏறினால் காலையில் எர்ணாகுளம். ஆனால் அங்கே ஜூன் முதல் செப்டம்பர் வரை தென்மேற்குப் பருவமழை. நம் கரையில் அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழை. இந்த மாதங்களைக் கழித்து, வியாபார நாள்களையும் கழித்துப் பாருங்கள். மாமாவுக்கு வருஷத்தில் 20 நாள்தான் தேறியது.

அதனால் எதை வாங்குவதற்கு முன்பும், உங்கள் மனதில் உள்ள அளவிலேயே ஒரு யாட்டை ஒரு வாரம் வாடகைக்கு எடுத்துக் குடும்பத்தோடு தங்கிப் பாருங்கள். அத்தைக்குக் கடல் ஒத்துக்கொள்ளுமா, இரண்டு அறை போதுமா மூன்று வேண்டுமா என்பதெல்லாம் அந்த ஒரு வாரத்தில் தெரிந்துவிடும்.

இரண்டாம் படி: வாங்குகிற விலை வேறு, வைத்திருக்கிற விலை வேறு

படகுத் தொழிலில் எல்லோரும் சொல்கிற ஒரு கணக்கு உண்டு: வாங்கிய விலையில் சுமார் 10 சதவீதம் ஒவ்வொரு வருஷமும் செலவாகும். நிறுத்துமிட வாடகை, கேப்டன் சம்பளம், இன்சூரன்ஸ், டீசல், அடிப்பாகத்துக்குப் பாசி பிடிக்காத பெயிண்ட், எஞ்சின் சர்வீஸ் எல்லாம் சேர்த்து. 10 கோடி ரூபாய் யாட் என்றால் வருஷத்துக்கு ஒரு கோடி. இதில் ஒரு பொறி இருக்கிறது. புதிதாக 10 கோடி இருந்த படகைப் பழையதாக 5 கோடிக்கு வாங்கினால் செலவு 50 லட்சமாகக் குறையாது. எஞ்சின் அதே எஞ்சின், நீளமும் அதே நீளம். வயதானதால் செலவு கொஞ்சம் கூடத்தான் செய்யும். எனவே பழைய படகுக்கும் அதன் புது விலையை வைத்தே கணக்குப் போடுங்கள்.

வரியையும் முதலிலேயே எழுதிவிடுங்கள். 2025 செப்டம்பர் 22 முதல் உல்லாசப் படகுகளுக்கு ஜிஎஸ்டி 40 சதவீதம். 10 கோடி விலை என்றால் வரி மட்டும் 4 கோடி. வெளிநாட்டில் வாங்கி இங்கே கொண்டுவந்தால் சுங்கவரியும் சேரும். பழையது என்பதற்காக யாரும் விட்டுவிட மாட்டார்கள்.

மூன்றாம் படி: புதிதில் என்ன கிடைக்கும்?

நம் விருப்பப்படி அறை, மரம், துணி. உத்தரவாதம். யாரும் பழக்கிக் கெடுக்காத எஞ்சின். இவை நிஜமான லாபங்கள். ஆனால் பெரிய யாட் என்றால் ஆர்டர் கொடுத்து ஒன்றிரண்டு வருஷம் காத்திருக்க வேண்டிவரும். பணம் தவணை தவணையாகப் போகும். படகு கட்டுகிற பட்டறை நடுவில் நொடித்தால் பணம் திரும்ப வர வங்கி உத்தரவாதம் கேட்டு வாங்குங்கள், இதில் கூச்சமே வேண்டாம். விலைப் புத்தகத்தில் உள்ள படத்தில் தெரிகிற எல்லாமும் அந்த விலையில் அடங்காது. கரைக்குப் போய்வரும் சின்னப் படகு, ரேடார், கயிறு, மெத்தை விரிப்பு வரை தனிக்கணக்காக வரலாம். முதல் வருஷம் புதுப் படகும் தொல்லை கொடுக்கும்: பம்பு ஓடாது, கதவு இறுக்கும், ஒயரிங் தகராறு செய்யும். விலை வேகமாகச் சரிவதும் இந்த முதல் சில வருஷங்களில்தான்.

தனக்கு என்ன வேண்டும் என்று துல்லியமாகத் தெரிந்தவருக்குப் புதுசு சரி. முதல் படகு வாங்குபவருக்கு அது தெரிந்திருக்க வாய்ப்பில்லை. அதனால் என் தீர்ப்பு: முதல் யாட், 5 முதல் 10 வயதுக்குள் உள்ள, ஒழுங்காகப் பராமரித்த பழைய யாட்டாக இருக்கட்டும்.

நான்காம் படி: பழையதைப் பல் பிடித்துப் பார்ப்பது

எங்கள் நைனா செவ்வாய்க்கிழமை பொய்கை சந்தைக்கு மாடு வாங்கப் போவார். தரகர் என்ன சொன்னாலும் காதில் வாங்க மாட்டார். பல்லைப் பார்ப்பார், காலைத் தூக்கிப் பார்ப்பார், பத்தடி நடக்கவிட்டுப் பார்ப்பார். அப்புறம்தான் துண்டுக்குள் கை போகும். யாட்டும் அப்படித்தான்.

பல் பார்க்க ஒரு மெரைன் சர்வேயர், அதாவது படகின் நிலையைச் சோதிக்கும் நிபுணர், வேண்டும். அவரை நீங்கள் தேடிப் பிடித்து, நீங்களே கூலி கொடுங்கள். விற்பவரோ தரகரோ காட்டும் ஆள் வேண்டாம். படகைத் தண்ணீரிலிருந்து தூக்கித்தான் பார்க்கவேண்டும். தூக்குகிற செலவு வழக்கமாக வாங்குபவருடையது. அதை மிச்சம் பிடிக்க நினைக்காதீர்கள்.

சர்வேயர் ஒரு சின்ன பிளாஸ்டிக் சுத்தியலோடு அடிப்பாகம் முழுக்கத் தட்டிக்கொண்டே போவார். கரிகிரியில் ஜாடி வாங்கும்போது விரலால் தட்டிப் பார்ப்போமே, அதே வேலை. படகின் உடலான ஃபைபர் நன்றாக இருந்தால் ‘டக் டக்’ என்று திடமாகக் கேட்கும். உள்ளே அடுக்கு பிரிந்திருந்தால் ‘தொப்’ என்று செத்த சத்தம். கொஞ்சம் பழகினால் உங்கள் காதுக்கே தெரியும். அடுத்து, தண்ணீருக்குள் இருந்த பகுதியில் கொப்புளம் இருக்கிறதா என்று பாருங்கள். நான் கூடப்போன ஒரு படகில் அரை ரூபாய் அளவுக் கொப்புளம் ஒன்றைச் சர்வேயர் கண்ணாடி போட்டுக்கொண்டு குத்தினார். பழுப்பு நீர் பீய்ச்சி அடித்தது, வினிகர் போலப் புளித்த வாடை. ஃபைபருக்குள் தண்ணீர் இறங்கி ரசாயனம் ஆகிவிட்டது என்று அர்த்தம். ஒன்றிரண்டு கொப்புளம் என்றால் சரி செய்யலாம். அடிப்பாகம் முழுக்க என்றால் தோலை உரித்து, மாதக்கணக்கில் காயவைத்து, மறுபடி பூசவேண்டும். விலையை அதற்கேற்ப இறக்குங்கள், இல்லாவிட்டால் விலகிவிடுங்கள்.

எஞ்சினுக்கு வருவோம், இது என் துறை. காலையில் போனவுடன், ஸ்டார்ட் செய்வதற்கு முன்பே எஞ்சின் மேல் உள்ளங்கையை வையுங்கள். வெதுவெதுப்பாக இருந்தால், நீங்கள் வருவதற்கு முன் யாரோ ஓட்டிச் சூடாக்கி வைத்திருக்கிறார்கள். குளிர்ந்த எஞ்சின் ஸ்டார்ட் ஆகத் திணறுவதை மறைக்க இப்படிச் செய்வதுண்டு. “நாளைக்கு வரேன், யாரும் தொடாதீங்க” என்று சொல்லிவிட்டுத் திரும்புங்கள். ஆயில் குச்சியை உருவிப் பாருங்கள். ஆயில் பால் கலந்த டீ நிறத்தில் இருந்தால் தண்ணீர் கலந்திருக்கிறது. ஆயில் சாம்பிள் எடுத்து லேபுக்கு அனுப்புங்கள். இரும்பு, செம்பு கூடியிருந்தால் உள்ளே தேய்மானம். சோடியம் கூடியிருந்தால் கடல் தண்ணீர் உள்ளே போயிருக்கலாம்.

ஓடிய மணிக்கணக்கு குறைவு என்று விற்பவர் பெருமையாகச் சொல்வார். 10 வயதுப் படகு 200 மணி நேரம்தான் ஓடியிருக்கிறது என்றால் எனக்குச் சந்தேகம்தான் வரும். வருஷக்கணக்கில் ஓட்டாமல் விட்ட கிணற்று மோட்டார் என்ன ஆகும் என்று நமக்குத் தெரியும். உப்புக்காற்றில் நின்ற டீசல் எஞ்சினுக்கு அதைவிட மோசம்.

கடைசியில் கடலில் ஓட்டிப் பார்ப்பது. முழு வேகத்தில் எஞ்சின் தயாரிப்பாளர் சொன்ன ஆர்பிஎம்மை (நிமிடத்துக்கு எத்தனை சுற்று என்ற கணக்கு) தொடவேண்டும். தொடாவிட்டால் அடியில் பாசியா, புரொப்பெல்லர் பொருந்தவில்லையா, எஞ்சினே தளர்ந்துவிட்டதா என்று தெரியும்வரை அடுத்த படிக்குப் போகாதீர்கள்.

ஐந்தாம் படி: வில்லங்கம் பார்ப்பது

மனை வாங்கினால் முப்பது வருஷத்துக்கு வில்லங்கம் போட்டுப் பார்க்கிறோம். படகில் இது இன்னும் முக்கியம். பழைய முதலாளி மாலுமிகளுக்குச் சம்பளம் பாக்கி வைத்திருந்தால் அந்தக் கடன் ஆளோடு போகாது, படகோடு வரும். புது முதலாளியின் கையில் இருக்கும் படகையே கோர்ட் மூலம் பிடித்து நிறுத்தலாம். ஆகவே படகு எந்த நாட்டில் பதிவானதோ அந்தப் பதிவேட்டின் நகலை எடுத்து, உரிமையாளர் பெயரையும் அடமானத்தையும் சரிபாருங்கள். ஐரோப்பாவில் வாங்கி அங்கேயே வைத்திருப்பதாக இருந்தால் வாட் (நம் ஜிஎஸ்டி மாதிரி அங்குள்ள வரி) கட்டிய அத்தாட்சியும் வேண்டும். முன்பணம், வழக்கமாக 10 சதவீதம், விற்பவர் கைக்கு நேராகப் போகக்கூடாது. நடுவில் ஒரு வக்கீல் அல்லது தரகு நிறுவனத்தின் தனிக்கணக்கில் இருக்கட்டும். சர்வேயும் கடல் ஓட்டமும் திருப்தியாக இல்லாவிட்டால் பணம் திரும்ப வரவேண்டும் என்று ஒப்பந்தத்தில் எழுதியிருக்க வேண்டும்.

ஆறாம் படி: கைக்கு வந்த முதல் மாதம்

பழைய படகு என்றால் விலைக்கு மேல் 10 முதல் 15 சதவீதம் தனியாக எடுத்து வைத்துவிட்டு வாங்குங்கள். சர்வேயில் வந்த குறைகளை முதலில் தீருங்கள். ஆயில், ஃபில்டர், பெல்ட், கடல் நீர் பம்பின் ரப்பர் இம்பெல்லர் (தண்ணீரைத் தள்ளும் சக்கரம்), மற்ற உலோகம் அரிக்காமல் காக்க அடியில் உள்ள துத்தநாகக் கட்டிகள் இவை எல்லாவற்றையும் ஒரே சமயத்தில் மாற்றி, தேதியும் எஞ்சின் மணியும் ஒரு நோட்டில் எழுதுங்கள். முந்தைய முதலாளி போன மாதம்தான் மாற்றினேன் என்று சொன்னாலும் மாற்றுங்கள்.