இங்கிலாந்து ஊர்ச் சர்ச்சுக்குள் போனால் எங்கே பார்ப்பது

மகளைப் பார்க்க இங்கிலாந்து போயிருந்தபோது, அவள் வேலைக்குக் கிளம்பிய பிறகு எனக்குப் பொழுதே போகாது. சுற்றுவட்டாரத்துப் பழைய சர்ச்சுகளைப் பார்த்துத்தான் ஓட்டினேன். பல சர்ச்சுகள் பகலில் திறந்தே கிடக்கும், டிக்கெட்டும் இல்லை. தர்மபுரியிலிருந்து அடுத்துப் போகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன்.

முதலில் திசை. நம் கோயில்களில் பெரும்பாலும் சாமி கிழக்கே பார்க்கும், நாம் மேற்கே பார்த்துக் கும்பிடுவோம். அங்கே பீடமே கிழக்குக் கோடியில்தான். அதனால் உள்ளே போனதும் மேற்குச் சுவரோரம் போய்த் திரும்பி நில்லுங்கள். முன்னால் நீளமாகத் தெரிவது நேவ், நம்ம மகாமண்டபம் மாதிரி, ஊர்சனம் நிற்கிற இடம். வளைவைத் தாண்டினால் சான்சல், பாதிரியாரின் இடம். அந்தக் காலத்தில் நேவைப் பராமரிப்பது ஊராரின் பொறுப்பு, சான்சல் பாதிரியாரின் பொறுப்பு.

வயதுக்கு ஜன்னலைப் பாருங்கள். அரைவட்டமாக இருந்தால் பெரும்பாலும் 1066இல் இங்கிலாந்தைப் பிடித்த நார்மன்களின் பாணி, ஒடுங்கிக் கூராக இருந்தால் ஏறக்குறைய 13ஆம் நூற்றாண்டு, நெட்டுக்குத்தாகக் கல்சட்டம் போட்டுச் சுவரையே விழுங்குகிற அளவு பெரிதாக இருந்தால் 1350க்குப் பிந்தியது. ஆனால் பழைய சுவரை இடித்துப் புது ஜன்னல் வைப்பது அங்கே சகஜம், ஜன்னலை வைத்துச் சுவருக்கு வயது சொல்லிவிடாதீர்கள்.

வாசல் பக்கம் ஞானஸ்நானக் கல்தொட்டி இருக்கும். மந்திரித்த தண்ணீரை மாந்திரீகத்துக்குத் திருடுகிறார்கள் என்று 1236இல் மூடி போட்டுப் பூட்டச் சொன்னார்கள். விளிம்பைத் தடவிப் பாருங்கள், பூட்டு இருந்த தழும்பு சிலதில் கையில் தட்டுப்படும்.

அப்புறம் எனக்கு ரொம்பப் பிடித்தது: எங்கேயும் போகாத படிக்கட்டு. சான்சல் வளைவுக்குக் குறுக்கே மரத்தடுப்பும், அதன்மேல் ஒரு பரணும், பெரிய சிலுவையும் மேரி, யோவான் சிலைகளும் இருந்தன. 1530களில் தொடங்கிய மதச் சீர்திருத்தத்தில் சிலைகளை எல்லாம் இறக்கிவிட்டார்கள், பரணும் பல ஊர்களில் போய்விட்டது, சுவருக்குள் ஏறிய படி மட்டும் மிச்சம். வளைவுக்குப் பக்கத்தில் சுவரில் ஆளுயரத்துக்கு மேலே ஒரு சின்ன வாசல் அந்தரத்தில் திறந்திருந்தால், அதுதான். நான் முதலில் அதை விளக்கு மாடம் என்று நினைத்தேன்.

ஓவியத்துக்கும் அதே கதி, எல்லாவற்றுக்கும் வெள்ளையடித்தார்கள். அதியமான்கோட்டை சென்றாயப் பெருமாள் கோயிலில் அண்ணாந்து பார்ப்பீர்கள் இல்லையா, அப்படியே வளைவுக்கு மேலே பாருங்கள், கடைசித் தீர்ப்பு நாளின் படம் மங்கலாகத் தெரியலாம். சஃபோக்கில் வென்ஹாஸ்டன் என்ற ஊரில் 1892இல் பழைய பலகைகள் என்று வெளியே தூக்கிப் போட்டார்கள், மழையில் சுண்ணாம்பு கரைந்து உள்ளே இருந்த தீர்ப்புநாள் படம் வெளியே வந்தது!

பீடத்துக்கு வலப்பக்கச் சுவரில், ஓட்டை போட்ட ஒரு சின்னக் கல்கிண்ணம். பூசைப் பாத்திரம் கழுவிய தண்ணீர் அது வழியாக மண்ணுக்குள் போகும். நம்ம கோமுகியை நினைத்துக்கொண்டால் சட்டென்று புரியும்.

பெஞ்சுகள் பரவலானது 15ஆம் நூற்றாண்டில்தான், அதற்குமுன் நின்றபடிதான் பூசை, முடியாதவர்களுக்குச் சில இடங்களில் சுவரோரக் கல்திண்ணை.

கிளம்பும்போது தெற்கு வாசலுக்கு வெளியே சுவரைப் பாருங்கள். நடுவில் குழியும் சுற்றிக் கீறல்களுமாக இருந்தால் அது பூசை நேரம் காட்டிய வெயில் கடிகாரம். குழியில் ஒரு குச்சியைப் பிடித்தால் நிழல் விழும், அந்த ஊரில் வெயில் வந்தால்.