பாசி மின்கலம்: மரபணு மாற்றிய செல்லிலிருந்து மைக்ரோஆம்பியர் எடுப்பது

பாசி மின்கலம் என்பது பாசிச் செல்கள் வெளியே விடும் எலக்ட்ரான்களை மின்னோட்டமாக எடுக்கும் கலம். மரபணு மாற்றிய பாசியை எச்டிபி (அரசு அடுக்குமாடி) வீட்டுச் சமையலறையில் வளர்க்கக் கூடாது. சிங்கப்பூரில் இதற்கு உங்கள் கல்விக்கழகத்தின் உயிரியல் பாதுகாப்புக் குழுவுடைய ஒப்புதலும் அதற்கேற்ற ஆய்வுக்கூடமும் தேவை. ஒப்புதல் வரும்வரை மாற்றாத இனத்தை வைத்துக் கைபழகுங்கள். கலத்தின் அமைப்பு இரண்டுக்கும் ஒன்றுதான்.

சினெகோசிஸ்டிஸ் பிசிசி 6803 என்ற நீலப்பச்சைப் பாசி வசதியான தேர்வு. இதில் ஆக்சிஜனுக்கு எலக்ட்ரானைக் கொடுக்கும் இறுதி ஆக்சிடேஸ் என்னும் நொதிகள் 3 உண்டு. அவற்றின் மரபணுக்களை நீக்கினால், அந்த எலக்ட்ரான்களில் ஒரு பங்கு செல்லுக்கு வெளியே வரும். ஒரே செல்லில் குரோமோசோம் பல படிகளாக (நகல்களாக) இருப்பதால் ஒரு படியில் நீக்கினால் போதாது. ஆன்டிபயாட்டிக் சேர்த்த வளர்ப்புத் தட்டில் பலமுறை மாற்றி வளர்த்து, பழைய மரபணு ஒரு படியிலும் மிஞ்சவில்லை என்பதை பிசிஆர் என்னும் டிஎன்ஏ சோதனையில் உறுதிசெய்யுங்கள். பலர் சறுக்குவது இங்கேதான்.

பிஜி-11 என்ற வளர்ப்பு ஊடகத்தில் 30 டிகிரியில், 750 நானோமீட்டர் ஒளியில் அளக்கும் ஒளியடர்த்தி (செல்கள் எவ்வளவு அடர்ந்துள்ளன என்பதன் அளவு) 1 ஆகும்வரை வளர்த்தெடுங்கள். 100 மில்லிலிட்டரைச் சுழற்றிப் படியவைத்து, புதிய ஊடகம் 10 மில்லிலிட்டரில் கலக்குங்கள். 3×3 செ.மீ. கார்பன் ஃபெல்ட்டை (கார்பன் இழை விரிப்பு) கலத்தின் அடியில் ஆனோடாக, அதாவது எலக்ட்ரானை வாங்கும் மின்முனையாக விரித்து, கரைசலை மேலே ஊற்றி ஒருநாள் அசைக்காமல் விடுங்கள். எதிர் மின்முனையான கேத்தோடு, பிளாட்டினம் பூசிய கார்பன் தாள்; ஒரு பக்கம் கரைசலையும் மறுபக்கம் காற்றையும் தொட வேண்டும். இரண்டு மின்முனைக்கும் இடையில் 10 கிலோஓம் மின்தடை. மின்னணுப் பாகக் கடைகள் உள்ள சிம் லிம் டவரில் சில காசுக்குக் கிடைக்கும். அதன் முனைகளில் 10 மில்லிவோல்ட் காட்டினால் மின்னோட்டம் 1 மைக்ரோஆம்பியர், திறன் 10 நானோவாட். எல்இடி எரியும் என்று யாருக்கும் வாக்குக் கொடுத்துவிடாதீர்கள்.

வெள்ளை எல்இடி விளக்கை 12 மணிநேரம் எரியவிட்டு, 12 மணிநேரம் அணையுங்கள். இருட்டிலும் மின்னோட்டம் சுழிக்கு இறங்காது. சேமித்த சர்க்கரையைச் செல் எரிக்கிறது. வெளிச்சத்தில் குறைந்தாலும் பதறவேண்டாம். பாசி விடும் ஆக்சிஜன் ஆனோடிலேயே எலக்ட்ரானைப் பிடித்துக்கொள்ளும்.

அளவு திடீரென்று பிரமாதமாக ஏறினால்தான் சந்தேகப்பட வேண்டும். முதலில் கம்பியை மாட்டும் முதலைக் கவ்வியைப் பாருங்கள்: ஈரம் பட்ட செம்பு அரித்துப் பொய் மின்னோட்டம் தரும், பாசியையும் கொல்லும். கரைசலுக்குள் டைட்டானியம் கம்பி மட்டுமே போகட்டும். அடுத்தது குளிர்சாதனம். இரவில் ஆய்வுக்கூடத்தில் அதை நிறுத்திவிட்டால் வெப்பம் ஏறி, விளக்கின் விளைவோடு குழம்பிவிடும். பக்கத்தில் செல் இல்லாத கலம் ஒன்றும், டிசிஎம்யு என்ற களைக்கொல்லி சேர்த்து ஒளித்தொகுதி 2-ஐ (ஒளியில் நீரிலிருந்து எலக்ட்ரானை எடுக்கும் பகுதி) அடைத்த கலம் ஒன்றும் வையுங்கள். விளக்குக்கு மூன்றுமே ஒரேமாதிரி அசைந்தால், நீங்கள் அளப்பது பாசியை அல்ல.

முடிந்ததும் கரைசல், ஃபெல்ட் எல்லாவற்றையும் ஆட்டோகிளேவில் (அழுத்த நீராவியில் கிருமி நீக்கும் கருவி) 121 டிகிரியில் 20 நிமிடம் வைத்த பிறகே அப்புறப்படுத்துங்கள். டிசிஎம்யு கலந்ததை மட்டும் ரசாயனக் கழிவுக்குத் தனியே ஒதுக்குங்கள்.