பெரிய ஸ்பீக்கர், சின்ன அறை: காசைக் கரைக்கும் தவறுகள்

பத்துக்குப் பன்னிரண்டு அறைக்கு நான்கடி உயர டவர் ஸ்பீக்கர் வாங்கி வருகிறவர்கள் இன்னும் குறையவில்லை. வயரை பிளஸ்-மைனஸ் மாற்றிக் கொடுப்பது, ஸ்பீக்கரை அலமாரிக்குள் திணிப்பது போன்றவற்றை இங்கே எழுதப்போவதில்லை. அவை சீக்கிரமே தெரிந்துவிடும். பணம் போன பிறகும் காரணம் பிடிபடாத தவறுகள்தான் வேதனை.

நடு அறையில் உட்கார்ந்துகொண்டு, பேஸ் (தாழ்ந்த சுர ஒலி) இல்லை என்று ஆம்ப் (ஆம்ப்ளிஃபயர்) மாற்றுவது

இதைப் பார்க்கும்போதெல்லாம் ஆற்றாமையாக இருக்கிறது, ஏனென்றால் இதற்குத் தீர்வு இலவசம்.

நம்மூரில் பலரும் இளையராஜா பாட்டின் பேஸ் கிட்டாரை வைத்துத்தான் ஸ்பீக்கரைச் சோதிப்பார்கள். நாற்காலி அறையின் நட்டநடுவில். பேஸ் வரிசை இறங்கும்போது ஒரு சுரம் மட்டும் காணாமல் போகும், அடுத்தது வந்துவிடும். உடனே பேஸ் குமிழைத் திருகுவார்கள். போதவில்லை. 50 வாட் ஆம்பை விற்று 100 வாட் வாங்குவார்கள். கிடைப்பது வெறும் 3 டெசிபல். அடுத்து பேஸ் தரும் கூம்பான 8 அங்குல ஊஃபரைக் கொடுத்துவிட்டு 12 அங்குலம். அப்போதும் அந்தச் சுரம் வராது. ஆனால் பின்சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருப்பவர், "ஏன் இப்படி இடிக்கிறது, கொஞ்சம் குறைங்களேன்" என்பார். இரண்டு பேர் சொல்வதும் உண்மை.

ஒலி விநாடிக்குச் சுமார் 1,130 அடி போகிறது. அதை அறை நீளத்தின் இரண்டு மடங்கால் வகுங்கள். 12 அடிக்கு 1130 ÷ 24, அதாவது ஏறக்குறைய 47 ஹெர்ட்ஸ். அந்த அதிர்வெண்ணில் அழுத்தம் இரண்டு சுவர்களிலும் உச்சத்தில் இருக்கும், நடுவில் கிட்டத்தட்ட பூஜ்யம். பேஸ் கிட்டாரின் தடித்த தந்தியில் இரண்டாவது ஃப்ரெட் 46 ஹெர்ட்ஸ். அதன் அடிநாதம் உங்கள் நாற்காலியில் இல்லாமல் போவது இதனால்தான்.

வாட் கூட்டினால் இந்தப் பள்ளம் ஏன் நிரம்பாது? ஒலியைக் கூட்டும் அளவுக்கே சுவரிலிருந்து திரும்பி வந்து அதை அழிக்கும் ஒலியும் கூடுகிறது. ஒவ்வொரு அதிர்வெண்ணையும் தனித்தனியே கூட்டிக் குறைக்கும் ஈக்வலைசரில் 10 டெசிபல் ஏற்றினால் ஆம்ப் அந்த இடத்தில் பத்து மடங்கு வாட் தர வேண்டும். 50 வாட் ஆம்ப் அதற்கு எங்கே போகும்? கிளிப் ஆகும், அதாவது அலையின் உச்சி வெட்டுப்பட்டுச் சத்தம் சிதையும்; உயர்ந்த சுரங்களைத் தரும் ட்வீட்டர் கருகும்.

செய்ய வேண்டியது இதுதான். ஃபோனில் ஒரு டோன் ஜெனரேட்டர் ஆப் போதும். 47 ஹெர்ட்ஸை மெல்லிய சத்தத்தில் ஸ்பீக்கரில் ஓடவிட்டு, முன்சுவரிலிருந்து பின்சுவர் வரை மெதுவாக நடங்கள். நடுவில் சத்தம் வற்றிப்போய் மறுபடி ஏறுவது காதுக்கே தெரியும். பின்சுவரிலிருந்து நாலரை அடியில் நாற்காலியைப் போட்டு, அரை அடி அரை அடியாக நகர்த்திக் கேளுங்கள். ஆம்ப் கடைக்குப் போவது அதற்குப் பிறகு இருக்கட்டும்.

வெளிநாட்டு விமர்சனத்தை அப்படியே நம்புவது

அமெரிக்க வீடுகளில் மரச்சட்டத்தில் அடித்த ஜிப்சம் சுவர்தான் அதிகம். அது அதிர்ந்து பேஸில் ஒரு பங்கை வாங்கிக்கொள்ளும், ஒரு பங்கை வெளியே விடும். நம் ஒன்பது அங்குலச் செங்கல் சுவரும் கான்கிரீட் தளமும் எதையும் விடாது. அங்கே "அளவான பேஸ்" என்று எழுதப்பட்ட ஸ்பீக்கர் இங்கே குமுறும். மூடிய 10×12 அறைக்கு ஸ்டாண்டில் வைத்த ஆறரை அங்குல டூ-வே (ஊஃபர், ட்வீட்டர் மட்டும் உள்ள ஸ்பீக்கர்) தாராளம். 12 அங்குல ஊஃபரெல்லாம் சாப்பாட்டு அறையோடு சேர்ந்த பெரிய ஹாலுக்கு.

டேப் பிடிக்காமல் வாங்குவது

நடுச்சுரத்துக்கும் தனிக் கூம்பு உள்ள உயரமான த்ரீ-வே டவரில் ட்வீட்டருக்கும் கீழ் ஊஃபருக்கும் இடையே இரண்டு, இரண்டரை அடி இருக்கும். அவை ஒரே குரலாகச் சேர எட்டு, ஒன்பது அடி தூரம் வேண்டும். 12 அடி அறையில் ஸ்பீக்கரின் முகம் முன்சுவரிலிருந்து மூன்றடி, நாற்காலி பின்சுவரிலிருந்து நாலரை அடி. மிச்சம் நாலரை அடிதான். பாடகி ஓரிடத்திலும் பேஸ் வேறிடத்திலும் கேட்கும்.

சதுர அறை

12-க்கு 12 என்றால் நீளமும் அகலமும் ஒரே 47-ல் சேர்ந்து இடிக்கும். பெரிய ஸ்பீக்கர் வேண்டாம்.

ஒரு பக்கம் சுவர், ஒரு பக்கம் வெளி

எல் வடிவ ஹாலில் இடது ஸ்பீக்கர் மூலையில், வலது ஸ்பீக்கருக்குப் பக்கச் சுவரே இல்லை. இடதில் பேஸ் வீங்கும், பாட்டே இடப்பக்கம் சாயும். பேலன்ஸ் குமிழ் இதைத் தீர்க்காது. இரண்டுக்கும் பக்கச் சுவர் ஒரே தூரத்தில் வரும்படி அமைப்பையே திருப்பிப் போடுங்கள். விதிவிலக்கும் உண்டு. 1946 முதல் தயாரிப்பில் உள்ள கிளிப்ஷ்ஹார்ன் என்ற ஸ்பீக்கர் மூலைச் சுவர்களையே தன் ஹார்னின் (ஒலியை விரித்துவிடும் புனலின்) தொடர்ச்சியாக்கிக்கொள்ளும். ஆனால் அதற்கு இரண்டு நல்ல மூலைகள் வேண்டும்.

முட்டைத் தட்டு ஃபோம்

பேஸுக்கு உதவாது. 47 ஹெர்ட்ஸின் அலைநீளம் 24 அடி; மெல்லிய ஃபோம் அதை எப்படித் தடுக்கும்?

ஏற்கெனவே வாங்கிவிட்டவர்களுக்கு

ஸ்பீக்கரின் பின்பக்கத் துளையில் (போர்ட்) ஃபோம் அடையுங்கள், இல்லையென்றால் சுருட்டிய காலுறை. குமுறல் உடனே தணியும். மூலைகளில் தரையிலிருந்து கூரை வரை நான்கு அங்குல ராக்வூல் (பாறை இழைப் பஞ்சு), துணி போர்த்தி. ஈக்வலைசரில் மேட்டை (இடிக்கும் அதிர்வெண்ணை) மட்டும் வெட்டுங்கள், பள்ளத்தை (வற்றும் அதிர்வெண்ணை) தொடாதீர்கள்.