அசையாமல் நின்றுவிட்ட கைபேசியை மீட்கும் முறை

தொடுதிரை எதற்கும் அசையாமல் நின்றுவிட்டால், திரையை மீண்டும் மீண்டும் தட்டுவதை விடுத்து, பவர் பொத்தானையும் ஒலியைக் குறைக்கும் பொத்தானையும் சேர்த்து, சின்னம் தோன்றும்வரை 10 முதல் 20 விநாடிகள் அழுத்திப் பிடிக்க வேண்டும். பெரும்பாலான ஆண்ட்ராய்டு கைபேசிகள் இதிலேயே மீண்டும் இயங்கத் தொடங்கும். சிலவற்றில் பவர் பொத்தானை மட்டும் 30 விநாடிகள் பிடிக்க வேண்டும். ஐபோன் 8-உம் அதற்குப் பின் வந்தவையும் என்றால், ஒலியைக் கூட்டும் பொத்தானை ஒருமுறை, குறைக்கும் பொத்தானை ஒருமுறை அழுத்தி எடுத்துவிட்டு, ஆப்பிள் சின்னம் வரும்வரை பக்கவாட்டுப் பொத்தானைப் பிடித்திருக்க வேண்டும். சேமித்துள்ள படங்களும் எண்களும் இதனால் அழிவதில்லை.

பாம்பன், மண்டபம், தொண்டி போன்ற கரையோர ஊர்களில் வெயிலைத்தான் முதலில் சந்தேகிக்க வேண்டும் என்பேன். சுற்றுப்புற வெப்பம் 35 டிகிரி செல்சியஸுக்குள் இருக்கும் இடத்திலேயே ஐபோனைப் பயன்படுத்துமாறு ஆப்பிள் அறிவுறுத்துகிறது. நண்பகலில் படகிலோ பைக்கின் முன்புறத்திலோ வெயிலில் கிடக்கும் கைபேசி அந்த வரம்பை எளிதில் தாண்டிவிடும். சூடேறிய கைபேசியின் உறையைக் கழற்றி நிழலில் ஆறவிட வேண்டுமே தவிர, அவசரப்பட்டு மீன் வைக்கும் ஐஸ் பெட்டிக்குள் வைத்துவிடக் கூடாது; உள்ளே நீர்த்துளிகள் படிந்து பழுது பெரிதாகும். சார்ஜ் துளையில் உப்புநீர் பட்டிருந்தால், முழுவதும் உலரும்வரை சார்ஜரைச் செருகக் கூடாது.

சேமிப்பிடம் நிறைந்துபோவதும் திரை உறையக் காரணமாகும். வாட்ஸ்அப்பில் படங்களும் காணொலிகளும் தாமாகவே பதிவிறங்குவதை நிறுத்திவிட்டு, மொத்த இடத்தில் 10 சதவீதமாவது எப்போதும் காலியாக இருக்குமாறு பார்த்துக்கொள்ளுங்கள்.