சுண்டெலிக் கருவில் தாடை உருவாகும் விதத்தை ஆராய்வது எப்படி?

கோலாலம்பூரில் உயிரியலும் பல் மருத்துவமும் பயிலும் நம் மாணவர்களில் சிலர், முக வளர்ச்சியை ஆய்வுத் தலைப்பாக எடுத்தவுடன் மரபணுப் பெயர்களை மனப்பாடம் செய்யத் தொடங்கிவிடுகிறார்கள். முதலில் எலும்பைப் பாருங்கள் என்பதே அவர்களுக்கு நான் சொல்லும் வழி. எந்த எலும்பு காணாமற்போயிற்று, எது வேறோர் எலும்பின் உருவை எடுத்துக்கொண்டது என்று பிரித்தறிந்தபின் மரபணுவைத் தேடிப் போனால், ஒவ்வொரு பெயரும் தானாகவே பொருள் தரும்.

அடிப்படை இதுதான். மூளையாகவும் தண்டுவடமாகவும் மாறவிருக்கும் நரம்புக் குழாயின் மேல்விளிம்பிலிருந்து புறப்படும் நரம்பு முகட்டு உயிரணுக்கள் தாடைகளுக்கு அடித்தளமான மடிப்பாகிய முதலாம் தொண்டை வளைவுக்குள் வந்து சேர்கின்றன. மேல்தாடை, கீழ்த்தாடை இரண்டின் எலும்புகளும் பெரும்பாலும் இவற்றிலிருந்தே உருவாகின்றன. அந்த வளைவின் கீழ்ப்பகுதியிலுள்ள மேற்தோல் படலம் எண்டோதீலின்-1 என்னும் சமிக்ஞைப் புரதத்தைச் சுரக்கிறது. முகட்டு உயிரணுக்கள் தம் எண்டோதீலின் ஏ ஏற்பியால் அதை உணர்ந்து டிஎல்எக்ஸ்5, டிஎல்எக்ஸ்6 மரபணுக்களை இயக்குகின்றன. அவற்றின் வழியாக ஹேண்ட்2 என்னும் மரபணு செயல்படத் தொடங்குகிறது. டிஎல்எக்ஸ்5, 6 இரண்டையும் நீக்கிய எலிகளில் கீழ்த்தாடை மேல்தாடையின் கண்ணாடிப் பிம்பம்போல் வளர்ந்ததை 2002இல் வெளியான ஆய்வு காட்டியது. மேலுதட்டுக்குரிய மீசை முடிகள்கூடக் கீழே முளைத்திருந்தன. 2008இல் இதற்கு நேர்மாறான சோதனையும் வந்தது. மேல்தாடைப் பகுதியிலும் எண்டோதீலின்-1 சுரக்கும்படி செய்தபோது அங்கே கீழ்த்தாடையின் அமைப்புகள் தோன்றின. ஒன்று நீக்கல், மற்றொன்று சேர்த்தல். இரண்டும் ஒரே முடிவைச் சுட்டுவதால்தான் இந்தச் சமிக்ஞை தாடையின் அடையாளத்தைத் தீர்மானிக்கிறது என்று உறுதியாகச் சொல்ல முடிகிறது.

மலேசியாவில் விலங்கு நலச் சட்டம் 2015 நடைமுறையில் உள்ளது. உங்கள் பல்கலைக்கழகத்தின் விலங்கு நெறிமுறைக் குழு எழுத்துவழி ஒப்புதல் தந்த பிறகே இனச்சேர்க்கையைத் தொடங்க வேண்டும். பெண்ணெலியில் இனச்சேர்க்கை அடைப்பு (இணைந்ததைக் காட்டும் கெட்டியான பொருள்) காணப்பட்ட நாளின் நண்பகலை 0.5ஆம் நாள் எனக் குறித்துக்கொள்ளுங்கள். ஆனால் நாட்கணக்கை மட்டும் நம்பாதீர்கள். ஒரே ஈற்றுக் கருக்களே முன்பின்னாக வளர்ந்திருக்கும் என்பதால், உடற்கண்டங்களை (முதுகோரம் வரிசையாக அமையும் திசுக் கட்டிகளை) எண்ணி ஒத்த நிலையிலுள்ளவற்றை மட்டும் ஒப்பிடுங்கள், 9.5ஆம் நாளில் ஏறத்தாழ 21 முதல் 29 கண்டங்கள் இருக்கும். பெற்றோர் இருவரும் ஒரு பிரதி மட்டும் மாறிய எலிகளானால் நான்கில் ஒரு கருவே முழுமாற்றமுடையதாக இருக்கும் என்பதையும் கணக்கில் வைத்தே எலிகளின் எண்ணிக்கையைக் குழுவிடம் கேட்க வேண்டும்.

எலும்பைப் பார்க்க 18.5ஆம் நாள் கருவே ஏற்றது. எண்டோதீலின்-1 இல்லாத குட்டிகள் மூச்சுவிட இயலாமல் பிறந்தவுடனே இறந்துவிடுகின்றன. அதனால் பிறப்புக்கு முன்பே எடுத்துவிட வேண்டும். தோலையும் உள்ளுறுப்புகளையும் நீக்கி, எத்தனாலில் பதப்படுத்தி, அசிட்டோனில் கொழுப்பைக் கரைத்தபின், குருத்தெலும்புக்கு அல்சியன் நீலமும் எலும்புக்கு அலிசரின் சிவப்பும் ஏற்றுவார்கள். இங்கே இரண்டு இடங்களில் கவனம் தேவை. அல்சியன் நீலக் கரைசலில் அசிட்டிக் அமிலம் இருப்பதால், அதில் அதிக நேரம் விட்டால் எலும்பின் சுண்ணாம்புச் சத்து கரைந்து, பிறகு சிவப்பு மங்கலாகவே ஏறும். எலும்பே உருவாகவில்லை என்ற தவறான முடிவுக்கு அது இட்டுச் செல்லும். அடுத்தது நம் ஊர் ஈரப்பதம். தூய எத்தனாலும், திசுவைத் தெளியவைக்கப் பயன்படும் பொட்டாசியம் ஹைட்ராக்சைடும் காற்றிலுள்ள நீரை விரைவாக உறிஞ்சிக்கொள்ளும். புட்டியைத் திறந்து வைத்துவிட்டு நிதானமாக எடைபோட்டால், நீங்கள் எழுதிவைத்த செறிவு ஒன்றாகவும் கரைசலில் உள்ளது வேறாகவும் ஆகிவிடும். கிளிசரினில் தெளிந்தபின் கீழ்த்தாடையைத் தனியே பிரித்து, கீழ்த்தாடையின் நெடுகே ஓடும் மெக்கல் குருத்தெலும்பு முழு நீளமும் உள்ளதா, தாடை மூட்டின் முனை உள்ளதா, கன்ன எலும்பைப் போன்ற ஒன்று கீழே கூடுதலாகத் தெரிகிறதா என்று இருபுறமும் பாருங்கள். எலும்பு வெறுமனே குட்டையாக இருந்தால் உயிரணுக்கள் இறந்திருக்கலாம் அல்லது பெருகாமல் இருந்திருக்கலாம். மேல்தாடையின் உருவைக் கொண்டிருந்தால் மட்டுமே அடையாள மாற்றம் என்று எழுதுங்கள்.

பிறகு 9.5, 10.5ஆம் நாள் கருக்களில் குறிப்பிட்ட மரபணுவின் ஆர்என்ஏவோடு ஒட்டி நிறம் காட்டும் ஆர்என்ஏ துருவியைக் கொண்டு டிஎல்எக்ஸ்5, ஹேண்ட்2 எங்கே வெளிப்படுகின்றன என்று பார்க்க வேண்டும். பின்மூளையின் கூரையில் ஒரு சிறு துளையிடாவிட்டால் துருவி உள்ளே தேங்கி, இல்லாத நிறத்தைக் காட்டும்.

முகட்டு உயிரணுக்களில் மட்டும் மரபணுவை நீக்க, டிஎன்ஏவை வெட்டும் கிரே நொதியை வின்ட்1 மரபணுவின் கட்டுப்பாட்டில் இயக்கும் வின்ட்1-கிரே எலியைப் பயன்படுத்துவோர், கிரே மட்டும் உள்ள உடன்பிறப்புகளையும் கட்டுப்பாட்டுக் குழுவில் சேர்த்தே ஆக வேண்டும். பரவலாகப் புழங்கும் அந்த எலி வகையில் வின்ட்1 தானே நடுமூளையில் மிகையாகச் செயல்படுவதாகக் கண்டறியப்பட்டுள்ளது. பல ஆண்டு உழைப்பு இந்த ஒரு கூண்டு எலிகள் இல்லாததால் மதிப்பிழப்பதை நான் பொறுத்துக்கொள்ள மாட்டேன். இனப்பெருக்க அட்டவணை போடும் நாளிலேயே அவற்றுக்கு இடம் ஒதுக்கிவிடுங்கள்.